பருவமழை முடியும்வரை படகையும் தூண்டில் சாமான்களையும் எடுத்து வைப்பது எப்படி?

பதினேழடிப் படகு | 2024 நவம்பர் 17, இரவு 9.40

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனரும் இவ்வாண்டுத் தொடக்கத்தில் 17 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். அதில் 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு அவுட்போர்டு இயந்திரம், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் இயந்திரம், இருக்கிறது. சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து புறப்பட்டு, உபின் தீவைச் சுற்றியும் கிழக்கு ஜொகூர் நீரிணையிலும் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் தூண்டில் போட்டு வந்தோம். இப்போது தஞ்சாவூரில் இருக்கும் என் தாயாருக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை நடக்கவிருப்பதால், டிசம்பர் 8ஆம் தேதி புறப்பட்டுப் பிப்ரவரி இறுதியில்தான் திரும்புவேன். மைத்துனருக்கும் அந்த மாதங்களில் பாத்தாமில் வேலை. ஆகவே ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் படகைத் தொட ஆள் இருக்காது.

நீண்ட நாள் படகை எடுத்து வைப்பது பற்றித் தேடிப் படித்தவை எல்லாம் கனடா, ஸ்வீடன் போன்ற குளிர்நாட்டுப் படகுக்காரர்கள் தங்கள் குளிர்காலத்துக்காக எழுதியவையாகவே இருக்கின்றன. இயந்திரத்துக்குள் உறைதடுப்புத் திரவம் ஊற்றச் சொல்கிறார்கள், படகு முழுவதையும் சுருங்கும் பிளாஸ்டிக் உறையால் மூடச் சொல்கிறார்கள், பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1989 பிப்ரவரியில் பாய லேபாரில் பதிவான 19 பாகைதான். அப்படியிருக்க இவற்றில் எதை அப்படியே செய்வது, எதை விடுவது, எதை மாற்றிச் செய்வது என்று எனக்குத் தெளிவாகவில்லை. தூண்டிற்கோல்களும் ரீல்களும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள்தான் இருக்கப் போகின்றன. அவற்றைப் பற்றியும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

சிம்கோ ஏரி | 2024 நவம்பர் 17, இரவு 11.05

தம்பி, நான் கனடாவின் ஒன்டாரியோவில் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளும் சிம்கோ ஏரிக்கரையில் ஓர் அலுமினியப் படகு வைத்திருந்தேன். இப்போது ஊர் திரும்பி உட்லண்ட்ஸில் இருக்கிறேன். நீங்கள் படித்த ஒவ்வோர் ஆலோசனைக்கும் அங்கே என்ன காரணம் என்று தெரிந்துகொண்டால், இங்கே அது வேண்டுமா என்பது தானே விளங்கிவிடும்.

அங்கே பலர் அக்டோபர் நடுவிலேயே படகைக் கரையேற்றிவிடுவார்கள். ஜனவரியில் அதே ஏரியின் மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும் என்பதுதான் அவர்களுடைய அச்சம் அனைத்துக்கும் வேர். இயந்திரத்தின் குளிர்விப்புப் பாதையிலோ, கியர் பெட்டியிலோ, மீன்தொட்டிக் குழாயிலோ ஒரு குவளை தண்ணீர் தங்கியிருந்தால் போதும். ஓரிரவுக் குளிரில் உலோகம் வெடித்துவிடும். இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவம் பெரும்பாலும் படகின் உள்ளே பொருத்திய இயந்திரங்களுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் உரியது. அவுட்போர்டை நிமிர்த்தி வைத்தாலே அதிலுள்ள தண்ணீர் வடிந்துவிடும் என்பதால், அங்கேயே அதற்குத் திரவம் ஊற்றாதவர்கள் உண்டு. அதை நீங்கள் முற்றிலும் மறந்துவிடலாம்.

பேட்டரிக்கும் அதே காரணந்தான். முழுக்க ஏற்றிய ஈய அமில பேட்டரி உறைய வேண்டுமானால் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்ட வேண்டும். சக்தி இறங்கிப்போனதோ பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையை ஒட்டியே உறைந்து பிளந்துவிடும். பிளாஸ்டிக் உறை பனியின் பாரத்தையும் அது உருகி வழியும் நீரையும் தடுப்பதற்கு. இங்கே பனி இல்லாவிட்டாலும் மழை உண்டு என்பதால், உறையை மட்டும் நீங்கள் போடுவது நல்லது என்றே நினைக்கிறேன்.

துவாஸ் பட்டறை | 2024 நவம்பர் 18, மாலை 7.20

வணக்கம் அண்ணன். நான் நாகப்பட்டினத்துக்காரன். பதினோரு ஆண்டுகளாக இங்கே படகு இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, மராமத்தும் வண்ணப்பூச்சும் முடிந்து, மறுபடி இறங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த 61 நாளில் இயந்திரத்தைக் கவனித்தவர் ஜூனில் கடலுக்குப் போவார், கவனிக்காதவர் ஜூனில் பட்டறைக்குப் போவார் என்று என் தகப்பனார் சொல்வார்.

முதலில் கியர் எண்ணெய். சிம்கோ ஐயா சொன்னதுபோல் குளிர்நாட்டில் கியர் பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து பெட்டியை உடைக்கும். நம் ஊரில் அது உறையாது. பன்னிரண்டு வாரம் அங்கேயே இருந்து பேரிங்கையும் பற்சக்கரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். கேடு வேறு, வேலை ஒன்றுதான். கீழ்த் திருகைத் திறந்து, பிறகு மேல் திருகைத் திறந்து பழைய எண்ணெயை வடியுங்கள். பால் கலந்த காப்பிபோல் வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அப்போது எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தையும் மாற்ற வேண்டும். புதிய எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு அளவு குறைந்துவிடும்.

இயந்திர எண்ணெயைப் புறப்படுமுன் மாற்றுவதா, வந்தபின் மாற்றுவதா என்று பலர் கேட்பார்கள். புறப்படுமுன்னேதான் மாற்ற வேண்டும். ஓடிய எண்ணெயில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். இயந்திரம் ஓடாத மாதங்களில் அது உள்ளிருக்கும் உலோகத்தைத் தின்னும்.

கடைசிப் பயணம் முடிந்ததும் நன்னீர்க் குழாயை இணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் இயந்திரத்தை ஓட விடுங்கள். சூடேறினால்தான் வெப்ப வால்வு திறந்து, உள்பாதை முழுவதும் நன்னீர் போய் உப்பைக் கரைக்கும். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டால் உப்பு பாதியளவு உள்ளேயே தங்கிவிடும். நான் திறந்து பார்த்த அடைபட்ட இயந்திரங்களில் பெரும்பாலானவை அவசரமாகக் கழுவப்பட்டவை.

பெட்ரோலைப் பொறுத்தவரை, உங்களிடம் இருப்பது தூக்கிச் செல்லும் தொட்டி என்றால் கடைசிப் பயணத்திலேயே எரிபொருளைத் தீர்த்துவிடுங்கள். மிச்சமிருக்கும் சிறிதளவில் நிலைப்படுத்தும் திரவத்தைக் கலந்து, கழுவும்போதே அதை ஓட விட்டால் குழாய், வடிகட்டி, பீச்சான்வரை அது போய்ச் சேரும். பழைய பெட்ரோல் கெட்டு, அரக்குபோல் படிந்துகொள்வதை அது தாமதப்படுத்தும். காலித் தொட்டியானாலும் அதை வீவக வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். காலித் தொட்டியில் நிற்கும் ஆவிதான் நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது.

இயந்திரத்தை நிமிர்ந்த நிலையிலேயே நிறுத்தி வையுங்கள். இழுத்து நிறுத்தும்போது அடியில் மரக்கட்டை முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினேழடிப் படகு | 2024 நவம்பர் 18, இரவு 8.55

தம்பி துவாஸ் அவர்களுக்கும் சிம்கோ ஐயா அவர்களுக்கும் மிக்க நன்றி. ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல மறந்துவிட்டேன். படகு இப்போது தண்ணீரில்தான் கட்டியிருக்கிறது. கரையேற்றி டிரெயிலரில் வைக்கும் இடத்துக்கு மாதக் கட்டணம் அதிகம். உள்ளே சேரும் நீரை இறைக்கும் தானியங்கிப் பம்பைப் பேட்டரியோடு விட்டுவிட்டுத் தண்ணீரிலேயே கட்டி வைக்கலாமா?

சாங்கிக்கரை | 2024 நவம்பர் 18, இரவு 10.30

தம்பி, பணத்தைப் பார்க்காமல் கரையேற்றிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். ஓய்வுபெற்ற ஆசிரியை நான். முப்பது ஆண்டுகளாக இந்தக் கரையில் என் கணவரோடு தூண்டில் போடுகிறேன். எங்கள் சிறு படகு கயிற்றிலேயே மூழ்கியதை ஒருமுறை பார்த்துவிட்டதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். உங்கள் படகின் மேற்பரப்பு ஏறத்தாழ 10 சதுர மீட்டர். அதில் 100 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் தண்ணீர். சிங்கப்பூரில் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை 1978 டிசம்பர் 2ஆம் தேதி பதிவான 512.4 மி.மீ. அன்று ஒரு திறந்த படகில் ஐந்து டன்னுக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கும். பம்பு அதை இறைக்கும் என்பீர்கள். ஆனால் பம்பு ஓடுவது பேட்டரியால், பேட்டரியை ஏற்றுவது நீங்கள், நீங்களோ தஞ்சாவூரில். சருகு ஒன்று பம்பின் வாயை அடைத்தால்கூட எல்லாம் முடிந்தது. கரையில் ஏற்றி, பின்னடி வடிகால் மூடியைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்த படகுக்குப் பம்பும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். தண்ணீர் தன் எடையாலேயே வெளியேறிவிடும்.

சிப்பியையும் நினையுங்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த ஒருவகைச் சிறு சிப்பி 2016 வாக்கில் ஜொகூர் நீரிணையில் தென்பட்டு, நம் வடகரை முழுவதும் பரவிவிட்டது. கயிறு, மிதவை, தூண் என்று எதையும் விடாமல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு வாரம் அசையாமல் கிடக்கும் படகின் அடிப்பகுதியும் தண்ணீர் உறிஞ்சும் வாயும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிம்கோ நண்பரிடம் ஒரு கருத்தில் மாறுபடுகிறேன். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடாதீர்கள். மேலிருந்து வரும் ஈரத்தை அது தடுக்கும். ஏற்கனவே உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெயிலில் அது அடுப்பாகும், இரவில் வேர்க்கும். இரண்டு வாரத்தில் இருக்கை மெத்தையெல்லாம் பூஞ்சை பூத்துவிடும். நடுவில் நீளவாட்டில் ஒரு குழாயையோ மூங்கிலையோ முதுகெலும்பாக நிறுத்தி, அதன் மேல் தார்ப்பாயைக் கூரைபோல் இருபுறமும் சரிய விடுங்கள். முன்னும் பின்னும் காற்றுப் போக வழி இருக்கட்டும்.

தார்ப்பாயில் ஒரு சிறு குழிகூட இருக்கக் கூடாது. இருபது காசு நாணய அளவு தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது கொசுவாகிப் பறந்துவிடும். டெங்கிக் காய்ச்சல் வந்து என் மருமகள் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்த பிறகு, எந்தக் குழியையும் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. வாளி, நங்கூரப் பெட்டி, தூண்டிற்கோல் செருகும் குழாய், டயரின் உட்பள்ளம் என ஒவ்வொன்றையும் கவிழ்த்தோ அடைத்தோ வையுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் படகு வைக்கும் இடங்களுக்கும் வந்து பார்ப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தார்ப்பாயைக் கட்டும் கயிற்றை டிரெயிலரோடு கட்டுங்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே புயல் உருவாகாது என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல் ஏறத்தாழ வடக்கு 1.4 பாகை அகலாங்கில் உருவாகி ஜொகூரில் கரையேறியது. அன்று கூரைத் தகடுகள் பறந்ததைப் பார்த்தவள் நான்.

சிம்கோ ஏரி | 2024 நவம்பர் 19, காலை 8.10

ஆசிரியை அம்மா சொல்வதை ஏற்கிறேன். யோசித்துப் பார்த்தால் ஒன்டாரியோவிலும் உறையில் காற்றுத் துளைகள் வைப்பார்கள். வசந்தத்தில் வெயில் ஏறியதும் உள்ளே வேர்க்கும் என்பதற்காகத்தான் அது. அங்கே ஆறு மாதத்தில் ஓரிரு வாரம் வரும் தொல்லை இங்கே நாள்தோறும் வரும். உறை வேண்டாம், தம்பி. நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிடோக் மேடை | 2024 நவம்பர் 20, இரவு 11.50

படகு எனக்குத் தெரியாத துறை. தூண்டில் சாமான்களைப் பற்றி எழுதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிடோக் படகுத்துறையிலிருந்து வாளைக்கும் பாரைக்கும் தூண்டில் எறிகிறேன். நிறைய ரீல்களைக் கெடுத்துத்தான் கற்றேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

குளிர்நாட்டினர் தூண்டில் சாமான்களை எடுத்து வைக்கும்போது, வெப்பமூட்டிய வீட்டுக்குள் காற்று தானாகவே வறண்டிருக்கும். அவர்கள் துடைத்து, எண்ணெயிட்டு, அலமாரியில் வைத்தாலே போதும். நம் வீட்டில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். அந்தக் காற்று உப்பைச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

சமையலுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே நீரை இழுக்கும். ஆகவே சரியாகக் கழுவாத ரீலை நீங்கள் எவ்வளவு துடைத்து வைத்தாலும் அது உள்ளே ஈரமாகவே இருக்கும். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் மின் உலர்பெட்டி ஒன்றை வாங்கி, 45 விழுக்காட்டில் வைத்து, இனிக் கவலையில்லை என்று இருந்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்தபோது ஒரு ரீலின் பேரிங் கரகரத்தது. பெட்டி பழுதாகவில்லை. ரீலுக்குள் இருந்த உப்பு அந்த 45 விழுக்காட்டிலும் நீரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. உலர்த்துவதற்கு முன் உப்பை நீக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பெட்டிக்குக் கொடுத்த பணம் வீண்.

கழுவும் முறை இது. மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகை இறுக்கிவிட்டு, பூவாளியால் செடிக்கு ஊற்றுவதுபோல மென்மையாக நன்னீர் விடுங்கள். வேகமான குழாய் நீரைப் பீய்ச்சினால் அது உப்பையும் சேர்த்துப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். நரம்பு சுற்றிய உருளையைத் தனியே கழற்றி, ஒரு வாளி நன்னீரில் ஓரிரவு ஊற விடுங்கள். பின்னல் நரம்பு தன் இழைகளுக்கிடையே உப்பை நிறைய வைத்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாள் மின்விசிறிக் காற்றில் காய விட்டு, அதன் பிறகே கைப்பிடி மூட்டிலும் நரம்பு உருளும் சிறு சக்கரத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இறுதியாக டிராக்கை முழுவதும் தளர்த்துங்கள். இறுகிய நிலையிலேயே மூன்று மாதம் இருந்தால் உள்ளிருக்கும் வட்டத்தகடுகள் அழுந்தி, முதல் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு விட்டு விட்டு ஓடி அறுந்துபோகும். எனக்கு ஒரு பெரிய களவா அப்படித்தான் போனது.

ஒற்றை இழை நைலான் நரம்பைச் சேமிக்க முயலாதீர்கள். அது நீரை உறிஞ்சும், வெயிலில் நலியும், சுருள் விழும். திரும்பி வந்ததும் புதிதாகச் சுற்றிக்கொள்வதற்கு ஆகும் செலவு ஒரு மீனின் விலைகூட இல்லை. பின்னல் நரம்பைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால், இதுவரை வெளியே வராத பகுதி மேலே வந்து இன்னும் இரண்டு பருவம் உழைக்கும்.

கோல்களைத் துணிப்பையில் மூடி வைக்காமல், மூட்டுகளைப் பிரித்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நரம்பு ஓடும் வளையங்களின் காலடியில் உப்பு ஒளிந்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். தாழ்வாரத்தில் சாத்தி வைக்கலாமே என்று தோன்றும். அங்கே 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையற்ற வழி இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதோடு மழைச்சாரலும் அங்கேதான் அடிக்கும்.

வீட்டுக் காப்பறை, அதாவது நாம் பாம் ஷெல்டர் என்று சொல்லும் அறை, எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும் இடம். கெட்டிச் சுவரும் எஃகுக் கதவும் உள்ள அந்த அறையில், கதவை மூடிவிட்டால் காற்றோட்டம் மிகக் குறைவு. ஈரத்தோடு எதையும் அதற்குள் வைக்க வேண்டாம். முழுவதும் காய்ந்தவற்றை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா மணிகளுடன் வைப்பதானால் சரி.

ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பேரங்காடியில் கிடைக்கும் அந்த டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது இழுத்த நீர் அடியில் சேரும். அந்த நீர் அடர்ந்த உப்புக் கரைசல். அலமாரியின் மேல்தட்டில் வைத்த டப்பா சரிந்து, கீழே இருந்த இரண்டு ரீல்கள் மேல் கொட்டியிருந்ததை ஆறு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. டப்பாவை எப்போதும் சாமான்களுக்குக் கீழே, தட்டையான தரையில் வையுங்கள். உலோகத்தோடு ஒரே பெட்டிக்குள் வைப்பதற்குச் சிலிக்கா மணிகளே ஏற்றவை. நிறம் மாறினால் அடுப்பில் 120 பாகையில் ஓரிரு மணி நேரம் வைத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

நீர்த்தேக்கக் கரை | 2024 நவம்பர் 21, பிற்பகல் 1.15

பிடோக் அண்ணன் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பிடோக், லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களில் மட்டும் பிடிப்பவன். அங்கே செயற்கை இரை மட்டுமே அனுமதி என்பதால் என்னிடம் மென்பிளாஸ்டிக் இரைகள் நிறைய உண்டு. வெவ்வேறு வகை இரைகளை ஒரே பெட்டியில் கலந்து வைத்தால், நம் ஊர் வெப்பத்தில் ஒன்றையொன்று உருக்கி ஒட்டிக்கொள்ளும். சில வகை, பெட்டியின் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். வாங்கிய உறையிலேயே விட்டு வைப்பதுதான் பாதுகாப்பு. தூண்டில் முட்களைக் கழற்றித் தனியே உலர வையுங்கள். ஒரு முள்ளில் பிடித்த துரு பெட்டியில் உள்ள எல்லா இரையிலும் கறையாக ஏறும்.

துவாஸ் பட்டறை | 2024 நவம்பர் 24, மாலை 6.45

கரையேற்ற முடிவு செய்துவிட்டீர்கள் என்று தனிச்செய்தியில் சொன்னீர்கள், மகிழ்ச்சி. அப்படியானால் பேட்டரியைக் கழற்றிவிடலாம். முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். குளிர்நாட்டில் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோவது உறையாமலிருக்க. இங்கே கொண்டுபோவது சூட்டிலிருந்து காக்க. வெப்பம் 10 பாகை கூடினால் பேட்டரி தானே இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முழுக்க ஏற்றி, சில மணி நேரம் ஆற விட்டுப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உறவினர் யாரிடமாவது கொடுத்து, ஜனவரி நடுவில் ஒருமுறை ஏற்றச் சொல்லுங்கள். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத்தகட்டில் சல்பேட்டுப் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் தாங்காது.

இயந்திரத்தின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஜொகூர் நீரிணையில் மழைக்காலத்தில் ஆற்று நீர் கலந்து உப்பு குறைவதால், அங்கேயே ஓடும் படகுக்கு அலுமினியக் கட்டி இன்னும் நன்றாக வேலை செய்யும். குளிர்விக்கும் நீர் வெளியே பீய்ச்சும் சிறு துளையை மெல்லிய வலைத்துணியால் கட்டி வையுங்கள். குளவி அங்கே மண்கூடு கட்டும்.

சாங்கிக்கரை | 2025 ஜனவரி 12, மாலை 5.30

தம்பி, தாயார் நலமாக நடக்கத் தொடங்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன். கேட்டுக்கொண்டபடி இன்று உங்கள் படகைப் போய்ப் பார்த்தேன். 10, 11 ஆகிய இரண்டு நாளில் மட்டும் சாங்கியில் 255.2 மி.மீ. மழை என்று வானிலை ஆய்வகம் அறிவித்திருக்கிறது. ஜனவரி மாதச் சராசரியே 222.4 மி.மீ.தான்.

உங்கள் படகுக்குள் தண்ணீர் தேங்கவில்லை. பின்னடித் துளையில் சருகு சேர்ந்திருந்ததை விரலால் எடுத்துவிட்டேன். வலப்பக்கம் ஒரு கயிறு தளர்ந்து, தார்ப்பாய் தொய்ந்து, இரண்டு வாளி அளவு நீர் நின்றது. அதை வழித்துக் கொட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். புழு எதுவும் தென்படவில்லை. உங்களுக்கு அடுத்து நிற்கும் படகில் வடிகால் மூடியைக் கழற்ற மறந்திருக்கிறார்கள். பின்பக்கம் முழுவதும் நிறைந்து, டிரெயிலரின் ஒரு டயர் அமுங்கிப்போயிருந்தது. காவலரிடம் சொல்லி உரிமையாளரை அழைக்கச் செய்தேன். அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.

பதினேழடிப் படகு | 2025 மார்ச் 2, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். அம்மா கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார். நான் வியாழக்கிழமை திரும்பினேன். நேற்றும் இன்றும் படகோடுதான் இருந்தேன். கண்டதை உள்ளபடி எழுதுகிறேன்.

பேட்டரியை மாட்டி, நன்னீர்க் குழாயை இணைத்துத் திருகியதும் இயந்திரம் இரண்டாம் முறையில் பிடித்துக்கொண்டது. டிசம்பரில் கியர் எண்ணெயை வடித்தபோது அது வெளுத்துத்தான் வந்தது. தம்பி சொன்னதைப் படித்திராவிட்டால் அப்படியே விட்டுப் போயிருப்பேன். புதிய சீல் போட்டதால், இன்று சிறிது வடித்துப் பார்த்தபோது எண்ணெய் தெளிவாக இருந்தது. வலைத்துணியை நீர் பீய்ச்சும் துளையில் கட்டினேன். தொட்டியின் காற்றுத் துளையில் கட்ட மறந்தேன். குளவி அங்கே கூடு கட்டியிருந்தது. ஊசியால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

உயிர்காப்பு மேலங்கிகள் நான்கையும் படகின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டது என் பிழை. நான்கிலும் கரும்பூஞ்சை. சோப்பு நீரில் தேய்த்துக் காய வைத்திருக்கிறேன். ஒன்றின் வார்ப்பட்டை நைந்திருப்பதால் அதை மாற்றிவிடுவேன். இதை யாரும் குறிப்பிடாததால், அடுத்து வருவோர் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடோக் அண்ணன் சொன்னபடி கழுவிய ஐந்து ரீல்களும் எடுத்து வைத்த நாளில் இருந்தபடியே சுழல்கின்றன. ஆறாவது ரீல் மைத்துனருடையது. புறப்படும் நாளின் அவசரத்தில் துடைத்து மட்டும் வைத்தது. அதன் கைப்பிடி முதல் சுற்றிலேயே கரகரக்கிறது. அதைத் தம்பி துவாஸிடம் கொடுக்கலாமா, அல்லது ரீல் திறக்கத் தெரிந்தவர் வேறு யாரேனும் இங்கே இருக்கிறீர்களா? வரும் சனிக்கிழமை காலை நீர் ஏறும் வேளையில் படகை இறக்குகிறோம். சாங்கிக்கரை அம்மாவுக்கும் ஐயாவுக்கும் படகில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.